வரக் கூடாத புஷ்

"புஷ் வந்துடுச்சா தம்பி?"

சனிக்கிழமை பதினோரு மணிக்கு இந்தக் கேள்வி என் பட்டறை வாசலில் வந்து நிற்கும். முதலில் குடைதான் தெரியும். வெயிலோ மழையோ, விரித்தபடியேதான் வரும். குடைக்குக் கீழே வெள்ளை வேட்டி. அதற்கும் கீழே முன்னால் எட்டி வைக்கிற ஒரு கால், பின்னால் இழுபட்டு வருகிற இன்னொரு கால்.

பழைய லாரி டயர் மேல் பலகை போட்டு வைத்திருப்பேன். சூசை அண்ணன் குடையை மடக்கி, பலகையில் உட்கார்ந்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி நேராக வைத்துக்கொள்வார். பிறகுதான் கேட்பார்.

"இன்னும் வரலண்ணே."

"மெட்ராஸ்லேருந்தா வரணும்?"

"ஆமாண்ணே. பழைய மாடல் பாருங்க, ஸ்டாக் இல்லங்குறான்."

அவர் தலையாட்டுவார். நான் துணியை எடுத்து, சுத்தமாக இருக்கிற ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அவர் முழங்காலிலிருந்து மூன்றடி தள்ளி என் மேசை. மேசை இழுப்பறையில் ஒரு மாத்திரை டப்பா. அந்த டப்பாவுக்குள் எண்ணெய்த்தாளில் சுற்றி, கடைசல் மினுமினுப்பு போகாமல், அவர் வண்டியின் புஷ் இரண்டும் இருந்தன.

புஷ் என்றால்

கார் வைத்திருக்கிறவர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது. பிரேக் பெடல் ஒரு இரும்புத் தண்டில் கோத்திருக்கும். நீங்கள் மிதிக்க மிதிக்கத் தண்டும் பெடலும் ஒன்றையொன்று உரசித் தேய்ந்துவிடக் கூடாது என்று நடுவில் மோதிரம் மாதிரி ஒரு உலோக வளையம் போட்டிருப்பார்கள். அதுதான் புஷ். தேய்மானத்தையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும்.

முழுசாகத் தேய்ந்துவிட்டால் பெடல் பக்கவாட்டில் ஆடும். அம்பாசிடரில் பிரேக்குக்குப் பக்கத்திலேயே ஆக்ஸிலேட்டர். ஆடுகிற பிரேக்கை மிதித்தால் பாதம் சறுக்கி இரண்டின் மேலும் விழும். நிற்க வேண்டிய வண்டி பாயும்.

கன்மெட்டல் என்கிற வெண்கலத் துண்டு ஒன்றும் கடைசல் லேத்தும் இருந்தால் அரை நாளில் கடைந்துவிடலாம். மெட்ராஸுக்கெல்லாம் போகவே வேண்டாம். வண்டியோடு புழங்கிய எவருக்கும் இது தெரியும். இந்த ஒரு விஷயத்தை நீங்கள் மறந்துவிடாதீர்கள். நான் நாலு மாதம் மறந்துபோயிருந்தேன்.

போட்டுக்கு பிரேக் எங்க?

எட்டாவதோடு படிப்பை ஏன் நிறுத்தினேன் என்று, இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டிருக்கிறார்கள். சொன்னால் சிரிப்பீர்கள்.

எனக்கு ஊர் மண்டபத்தூர். அப்பா கடலுக்குப் போகிறவர். கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டதும், "படிப்பு ஏறலன்னா கடலுக்கு வா" என்று ஒரு விடியலில் போட்டில் ஏற்றிவிட்டார். கரை தெரிகிற வரைக்கும் ஒன்றுமில்லை. கரை மறைந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அப்பா, போட்டுக்கு பிரேக் எங்க?" என்று கேட்டேன்.

ஐந்து பேர் வலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். கரைக்கு வருவதற்கு முன்பே எனக்குப் பேர் மாறிவிட்டது. இன்றைக்கும் மண்டபத்தூரில் முருகையன் என்றால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். "பிரேக்கு" என்று கேட்க வேண்டும்.

மறுமாதமே அப்பா என்னைக் காரைக்காலில் ஒரு பட்டறையில் கொண்டுவந்து விட்டார். "பிரேக் இருக்குற எடத்துலயே இரு" என்றார். கோபமாகச் சொன்னாரா, பாவப்பட்டுச் சொன்னாரா என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை.

பயம் மட்டும் கூடவே வந்தது. ஷட்டரைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். வீல் நட்டை முடுக்கினால் மூன்று தடவை முடுக்குவேன். வண்டி போன பிறகு, நாலாவது நட்டை முடுக்கினேனா என்று சோறு இறங்காது. அப்படிப்பட்டவனிடம் போய் ஒருவர் பொய் சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்?

துஸ்மான்

அந்த அம்பாசிடர் முதலில் ஒரு சொல்தா ஐயாவுடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அவருக்கு சூசை அண்ணன் டிரைவர். கடைசியில் ஐயா குடும்பத்தோடு பிரான்சுக்கே போனபோது, வண்டியை அண்ணன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பின் சீட்டில் உட்கார்ந்து ஐயா அடிக்கடி "துஸ்மான், துஸ்மான்" என்பாராம். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். அண்ணனோ இந்திப் படம் பார்த்துப் பழகியவர்; அதில் 'துஷ்மன்' என்றால் எதிரி. முதல் ஒரு மாதம், ஐயா யாரையோ எதிரி, எதிரி என்று காட்டுகிறார் என்று நினைத்து, கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியையெல்லாம் முறைத்துக்கொண்டு, இன்னும் வேகமாக ஓட்டியிருக்கிறார்.

"அவரு கத்தக் கத்த நான் மிதிக்கிறேன் தம்பி. நான் மிதிக்க மிதிக்க அவரு கத்துறாரு. கடைசியில திருமலைராயன்பட்டினத்துல எறங்கி நடந்தே போயிட்டாரு!"

இதை எத்தனை முறை சொன்னாலும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். அர்த்தம் தெரிந்த பிறகு அந்த வார்த்தையை அவர் விடவில்லை. சோறு போட்டால் துஸ்மான். யாராவது அவசரப்பட்டால் துஸ்மான். கல்யாணப் பெண் புடவையை வாரிக்கொண்டு வண்டியில் ஏறினால் துஸ்மான். தலத்தெருவிலும் சுற்றுப்பட்டிலும் பாதிக் கல்யாண ஜோடிகள் அந்தக் கறுப்பு வண்டியில்தான் போயிருப்பார்கள். எந்த மணப்பெண்ணும் அதில் குலுங்கியதில்லை. அண்ணன் பிரேக் மிதித்தால் வண்டி நின்றது தெரியாது.

காலா, புஷ்ஷா

போன ஆடி மாதம். அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பு அண்ணனுக்கு லேசாகப் பக்கவாதம் வந்து, வாய் சரியாகி, கை சரியாகி, வலது கால் மட்டும் சரியாகாமல் நின்றிருந்தது. வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு சாயங்காலம் கடற்கரைச் சாலையில் பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி பாய்ந்து ஒரு சுண்டல் வண்டியின் சக்கரத்தில் மோதி நின்றது. சுண்டல் எல்லாம் தரையில். கைக்குழந்தையோடு ஒரு பெண், பம்பருக்கு ஒரு முழம் தள்ளி அப்படியே உறைந்து நின்றிருக்கிறாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மாதா காப்பாற்றினாள் என்று அண்ணன் சொன்னார். எந்தச் சாமி என்றாலும் சரி, நான் கும்பிட்டுக்கொண்டேன்.

நான் போனபோது அவர் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை:

"கால் சரியாத்தான் மிதிச்சுது தம்பி. புஷ்ஷு போயிடுச்சு. பெடல் ஓடிடுச்சு."

வண்டியைக் கட்டி இழுத்து அவர் வீட்டுக் கொட்டகையில் விட்டோம். குனிந்து பெடலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஆடியது. புஷ் போயிருந்தது, உண்மை. காலும் போயிருந்தது, அதுவும் உண்மை. நான் முதல் உண்மையை மட்டும் சொன்னேன்.

"ஆமாண்ணே. புஷ்ஷுதான்."

அவர் முகம் தெளிந்தது.

பிலோமினா அக்கா கேட்டது

அளவு எடுத்துக்கொண்டுபோய் எதிர் லேத்துப் பட்டறை காதர் பாயிடம் கொடுத்தேன். இரண்டே நாளில் கடைந்து கொடுத்துவிட்டார். மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். மறுநாள் மாட்ட வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் பிலோமினா அக்கா வந்தார். சூசை அண்ணன் மனைவி. கோயிலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். முந்தானை இன்னும் தலையில் இருந்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எதுவானாலும் இரண்டு பேரும்தான்.

"புஷ்ஷு ரெடியா தம்பி?"

"ரெடிக்கா. காலையில வந்து மாட்டிடுறேன்."

"மாட்டாத."

நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்கு முதலில் அப்படித்தான் தோன்றும்.

"அவருக்குக் கால்ல உணர்ச்சியே இல்ல. நேத்து செருப்புக் கழண்டு வாசல்லயே கெடக்கு, அது தெரியாம வெறுங்காலோட கடைத்தெருவுக்குப் போயிட்டு வாராரு. சிமெண்ட்டுச் சூட்டுல கால் பொத்துப் போயிருக்கு. என்னா ஆச்சுன்னா, ஒண்ணுமில்லங்குறாரு."

"டாக்டர விட்டுச் சொல்லச் சொல்லுங்களேன்."

"சொல்லாமலா? எல்லாத்தையும் கேட்டுட்டு வெளியில வந்து, டாக்டருக்கு அம்பாசிடர் ஓட்டத் தெரியுமான்னு எங்கிட்ட கேக்குறாரு."

சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"புஷ்ஷுன்னு நெனைக்கிற வரைக்கும் அவரு டிரைவரு தம்பி. காலுன்னு தெரிஞ்சா அன்னைக்கே படுத்துடுவாரு. அதனால புஷ்ஷாவே இருக்கட்டும். ஆனா அந்த புஷ்ஷு வர வேணாம்."

சரி என்று தலையாட்டினேன். உள்ளதைச் சொன்னால், நிம்மதியாகக்கூட இருந்தது. நான் மாட்டிய பிரேக்கை அவர் மிதித்து, அந்தக் கைக்குழந்தைக்கும் பம்பருக்கும் இடையில் இருந்த ஒரு முழம் இல்லாமல் போனால் என்ற நினைப்பு இரண்டு ராத்திரியாக என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. குடை வந்தது.

வாரம் ஒரு பொய்

முதலில் மெட்ராஸில் ஸ்டாக் இல்லை. அப்புறம் வந்தது, ஆனால் அளவு மாறி வந்தது. திருப்பி அனுப்பினேன். அனுப்பிய பார்சல் காணாமல் போனது. ஆவணியில் அவர் கொஞ்சம் அவசரப்பட்டார்.

"வேளாங்கண்ணியில கொடி ஏத்துறதுக்குள்ள வந்துடுமா? பிலோமினாவ வருஷா வருஷம் நான்தான் கூட்டிட்டுப் போவேன். பஸ்ஸுல அவளுக்கு வாந்தி."

"பாக்குறேண்ணே."

கொடி ஏறியது. அக்கா பஸ்ஸில்தான் போனார். திரும்பி வந்து எனக்கு மெழுகுவர்த்தி ஒன்றும் கொஞ்சம் பேரீச்சம்பழமும் கொடுத்தார். என்னால் அதைச் சாப்பிட முடியவில்லை.

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை. அண்ணன் பலகையில் இருக்கிறார். நான் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். காதர் பாய் டீ கிளாஸோடு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"ஏ பிரேக்கு, அன்னைக்கு ஒனக்குக் கடைஞ்சு குடுத்தேனே, கன்மெட்டல் புஷ்ஷு, அம்பாசிடருக்கு. சைஸு சரியா இருந்திச்சா? ஒரு வார்த்த சொல்லல நீ!"

கையில் இருந்த சின்ன ஸ்க்ரூ பெட்ரோல் தட்டுக்குள் விழுந்தது.

"அது... அது வேற வண்டி பாய். திருநள்ளாத்துப் பக்கம்."

"திருநள்ளாத்துல ஏதுப்பா அம்பாசிடரு? எனக்குத் தெரியாம?"

சூசை அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"இருக்கும் பாய். ஊருல எத்தன அம்பாசிடரு ஓடுது. எல்லாத்தையும் நீங்க பாத்தீங்களா?"

பாய் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அண்ணன் எழுந்து, காலைச் சரிசெய்து, குடையை விரித்தார்.

"அவசரமில்ல தம்பி. துஸ்மான்."

தப்பித்தேன் என்று நினைத்தேன். அவ்வளவு மக்கு நான்.

குடை வராத சனிக்கிழமை

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வாரம் எனக்குப் பொய்யே கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தேன். பார்சல் ஆபீஸில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று சொல்லலாமா? அதை ஏற்கெனவே சொல்லிவிட்டேனோ? ஒரு தாளில் எழுதி வைக்காமல் போனோமே என்று என்மேலேயே எரிச்சல்.

பதினோரு மணி ஆனது. குடை வரவில்லை. பதினொன்றரை. பன்னிரண்டு.

மழைக்குப் பயந்து வரவில்லை என்று நினைத்து, அப்பாடா என்று ஒரு டீ சொன்னேன். அந்த டீயை நான் ருசித்துக் குடித்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தத் தொடர் எழுதுவதில் அர்த்தம் இல்லை.

டீ கிளாஸைக் கீழே வைக்கிறபோதுதான் காதர் பாய் நனைந்துகொண்டே ஓடி வந்தார். விடியற்காலையிலேயே முடிந்துவிட்டதாம். தூக்கத்தில்.

பவுடர் டப்பா

முப்பதாம் நாள் பூசைக்கு நாலு நாள் இருக்கும்போது அக்கா கூப்பிட்டு அனுப்பினார். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கியது. அவர் வாசலில் ஆணி மட்டும் இருந்தது.

"அவர வேற வண்டியில கொண்டு போயிட்டோம். நானாவது இதுல போறேன் தம்பி. கோயிலுக்கும் கல்லறைக்கும். புஷ்ஷ மாட்டிடு."

மாத்திரை டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வண்டி நின்ற இடத்தில் நின்றபடி இருந்தது. முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சிலந்தி கட்டியிருந்தது. டயர் அமுங்கியிருந்தது. ஆடியில் நாங்கள் தள்ளிவிட்டதற்குப் பிறகு அது ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

டிரைவர் கதவைத் திறந்து, பெடலைப் பிடித்து ஆட்டினேன்.

ஆடவில்லை.

இன்னொரு தடவை ஆட்டினேன். நான் எதையும் மூன்று தடவை பார்க்கிறவன். மூன்றாவது தடவையும் ஆடவில்லை.

கால் மிதியை எடுத்து, தரைத் தகட்டின் ஸ்க்ரூவைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்டுக்கும் தேய்ந்த புஷ்ஷுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் மெல்லிய தகரம் ஒன்றை வளைத்துச் செருகி, தட்டி இறக்கியிருந்தது. சுற்றிப் புதுக் கிரீஸ். இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தேன். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்காதபடி மடித்து விடப்பட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் தகரத்தில் ரோஜாப்பூ.

அக்கா காபியோடு வந்தவர் அதைப் பார்த்தார்.

"ஐயையோ, இது என் பவுடர் டப்பா! புரட்டாசியிலேருந்து தேடுறேன். எலி தூக்கிட்டுப் போச்சுன்னாரே!"

சொல்லிவிட்டு டம்ளரை பானெட் மேல் வைத்தார்.

"மத்தியானம் நான் கண்ணசர்ற நேரத்துல வந்து இதுக்குள்ள உக்காந்துக்குவாரு" என்றார் பிறகு. "ஜன்னல் வழியா பாப்பேன். காலத் தூக்கி வைப்பாரு, எடுப்பாரு. தூக்கி வைப்பாரு, எடுப்பாரு. வண்டி ஞாபகம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குப் புரிய ஆரம்பித்தது. புரட்டாசியிலேயே அவர் ஆட்டத்தை எடுத்துவிட்டார். பிறகு உட்கார்ந்து, பெடல் அசையாமல் நிற்க, காலை வைத்து வைத்துப் பார்த்திருக்கிறார். பெடல் நின்றது. கால் நிற்கவில்லை. யாரும் சொல்லாமல் அவரே பார்த்துத் தெரிந்துகொண்டார். சாவி எப்போதும் அவர் இடுப்பிலேயேதான் இருந்தது. அவர் வண்டியைக் கிளப்பவே இல்லை.

ஆனால் அதற்குப் பிறகும் எல்லாச் சனிக்கிழமையும் வந்து கேட்டார். அரை நாள் கடைசல் வேலைக்கு நாலு மாதம் ஆகுமா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

"தெரிஞ்சும் ஏங்கா வாரா வாரம் வந்து கேட்டாரு?" என்றேன்.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்கிட்ட கேட்டுட்டு நேரா எங்கிட்டதான் வருவாரு. 'இன்னும் வரலையாம் பிலோமி. வரட்டும், ஒன்ன வேளாங்கண்ணிக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன்'ம்பாரு. நானும் 'அதுக்கென்னங்க, வரட்டும்'ம்பேன். கேக்காம விட்டாருன்னா, வண்டியையே விட்டுட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுடும்ல? நான் அழுவேன்ல?"

அவருக்காக அக்கா ஒரு பொய்யைக் கட்டினார். அக்காவுக்காக அவர் அதற்குள்ளேயே வாரா வாரம் குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நடுவில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னையும், காதர் பாய் முன்னால், அவரே காப்பாற்றினார்.

"அதையே திரும்ப வச்சிடேன் தம்பி. அவரு கையால வச்சது."

"தகரம் நிக்காதுக்கா. நீங்க பின்னாடி உக்காந்திருப்பீங்க."

என் பயம் அங்கேயும் வந்துவிட்டது. கன்மெட்டல் புஷ்ஷைத்தான் மாட்டினேன். தகரத்தைக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கி, பூ தெரிகிற பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

கல்லறையில்

முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினேன். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு முந்திப் போனான். ஒரு வேகத்தடையில் பிரேக்கை மிதித்தேன். பெடல் நேராக இறங்கியது. பின் சீட்டிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"துஸ்மான்."

வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, இரண்டு பின் சக்கரத்துக்கும் கல் வைத்தேன். தரை சமமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வைத்தேன். பிறகு அங்கேயே நின்றுகொண்டேன். அக்கா மட்டும் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். காற்றில் மூன்று தடவை அணைந்தது.

"வா தம்பி" என்று கூப்பிட்டார். "நீயும் வந்து சொல்லிடு."

"நான் என்னக்கா சொல்ல?"

"வாரா வாரம் கேட்டாருல்ல."

போய் நின்றேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. மழையில் சிலுவை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. கை தானாகப் போய் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தது. குனிந்து மண்ணை அணைத்து மிதித்து, அதை நேராக்கினேன்.

"புஷ் வந்துடுச்சுண்ணே" என்றேன்.

அக்கா தலையசைத்தார். எனக்கு அதோடு திரும்பி வர முடியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது.

"முதல் வாரமே வந்துடுச்சு."